2 பூனம் சேலை, 12 கைப்பிடி: பிள்ளைகள் சேர்ந்து ஆட ஒரு பாராசூட் தைத்தேன்

போன ஞாயிறு சாயங்காலம், எங்கள் லைன் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில், ஒரு பந்து நான் தைத்த சேலைப் பாராசூட்டின் (பிள்ளைகள் சுற்றி நின்று பிடித்துத் தூக்கி இறக்கி ஆடுகிற பெரிய வட்டத் துணி) ஓரமாகவே உருண்டு, கீழே விழாமல் 7 சுற்று வந்தது. 12 பிள்ளைகள் பிடித்திருந்தார்கள். எட்டாவது சுற்றில் பந்து எகிறிச் சாக்கடைப் பக்கம் ஓடியபோது யாரும் யாரையும் திட்டவில்லை, ஒருத்தன் ஓடிப்போய் எடுத்து வந்தான், அவ்வளவுதான். இந்த இடத்துக்கு வர இரண்டரை மாதம் ஆகியிருக்கிறது. நடுவில் ஒரு முழுப் பாராசூட் வீணானது, ஊசி நான்கு உடைந்தது. மறந்து போவதற்குள் அளவோடு எழுதி வைக்கிறேன். தையல் தெரிந்தவர்கள் யாராவது தங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் செய்து பார்க்க நினைத்தால், நான் விட்ட இடங்களில் அவர்கள் விடாமல் இருக்கலாம்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். ஓவர்லாக், பேட்லாக் என்று இரண்டு வகைத் தையல் மெஷினும் ஓட்டுவேன். வீட்டில் அம்மா கொடுத்த மிதி மெஷின் ஒன்று இருக்கிறது, இந்த வேலை முழுக்க அதில்தான் நடந்தது. எங்கள் லைனில் ஒன்பது வீடு, ஒரே ஒரு பொதுக் குழாய். தேனிக்காரர்கள், மதுரைப் பக்கம், உள்ளூர், அப்புறம் பீகார் குடும்பம் இரண்டு, ஒடிசா குடும்பம் ஒன்று. பிள்ளைகள் 14 பேர், ஆறு வயசிலிருந்து பதினான்கு வரை. பெரியவர்கள் ஒன்றரை ஷிப்டு முடித்து வர ராத்திரி ஆகிவிடும், அதுவரை பிள்ளைகள் தாங்களாகத்தான் இருப்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், இந்திப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப்புறமும் அந்தப்புறமுமாக விளையாடுவார்கள்.

ஆகஸ்ட் 15 அன்று தெருவில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு மியூசிக்கல் சேர் வைத்தோம். 13 நாற்காலி, 14 பிள்ளைகள். முதல் பாட்டு நின்றதுமே பீகார் வீட்டுப் பாப்பா அவுட். எட்டு வயசு, தமிழ் சரியாக வராது. எதற்கு வெளியே போகச் சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை, வாசல்படியில் போய் உட்கார்ந்தவள் ஆட்டம் முடிகிற வரைக்கும் அரை மணி நேரம் அங்கேயே இருந்தாள். கடைசியில் ஜெயித்தது ஒன்பதாம் வகுப்புப் பையன், எங்கள் லைனில் எது வைத்தாலும் அவன்தான் ஜெயிப்பான். விளையாட்டு யாருக்கு ரொம்பத் தேவையோ அந்தப் பிள்ளையைத்தான் முதலில் உட்கார வைக்கிறோம் என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அதே ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றினேன். பாட்டு நின்றால் நாற்காலியைத்தான் எடுப்போம், பிள்ளையை எடுக்க மாட்டோம், இருக்கிற நாற்காலிகளில் 14 பேரும் எப்படியாவது உட்கார வேண்டும். 9 நாற்காலி வரை நன்றாகப் போனது, மடியில் உட்கார்ந்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள், பாப்பாவைக் கூப்பிட்டு இழுத்து உட்கார வைத்தார்கள். 6 நாற்காலி ஆனதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால் முறிந்தது. புது நாற்காலிக்கு 380 ரூபாய். யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் இன்னொரு முறை அதைச் செய்ய தைரியம் வரவில்லை. கல் தரையும் கட்டில் பலகையும் இருக்கிறவர்கள் அந்த ஆட்டத்தைத் தாராளமாக ஆடலாம், பிளாஸ்டிக் நாற்காலியில் வேண்டாம்.

பெரிய வட்டத் துணியைப் பிள்ளைகள் சுற்றி நின்று பிடித்துத் தூக்கி இறக்குகிற ஆட்டத்தை போனில் பார்த்திருந்தேன். ஒருத்தர் மட்டும் தூக்கினால் துணி சாயும், எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கினால்தான் கோபுரம் மாதிரி எழும்பும். அதில் அவுட் என்பதே கிடையாது. விலை விசாரித்தால் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. தைப்பது நம் தொழில்தானே, நாமே தைப்போம் என்று ஆரம்பித்தேன்.

முதல் தப்பு துணியில். கம்பெனியில் கட்டிங் வேஸ்ட்டில் சில சமயம் பெரிய துண்டுகள் கிடைக்கும், சூப்பர்வைசரிடம் கேட்டு சிங்கிள் ஜெர்சி என்கிற பனியன் துணி, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்), ஒரு மூட்டை வாங்கி வந்தேன். காசு இல்லாமல் கிடைக்கிறதே என்று வேறெதுவும் யோசிக்கவில்லை. இரண்டு ஞாயிறும் நான்கு ராத்திரியும் போனது. 12 அடி வட்டம் என்றால் ஏறக்குறைய 10 சதுர மீட்டர், 180 கிராமால் பெருக்கினால் 1.8 கிலோ. இந்தக் கணக்கை வெட்டுவதற்கு முன்னாலேயே போட்டிருக்கலாம், கம்பெனியில் தினமும் காதில் விழுகிற கணக்குதான் இது. தைத்து முடித்து மளிகைக் கடைத் தராசில் வைத்தால் 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. ஆறு வயசுப் பிள்ளைகள் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் தவித்தார்கள். அதோடு, பனியன் துணி இழுபடும். பிள்ளைகள் நாலாபக்கமும் இழுக்க இழுக்க நடுவில் பள்ளம் விழுந்து, பந்து போட்டால் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது, எவ்வளவு ஆட்டியும் மேலே வரவில்லை. காற்றும் துணிக்குள்ளே புகுந்து வெளியே போய்விடுகிறது, தங்குவதே இல்லை. தையலில் ஒரு குறையும் இல்லை, துணிதான் இந்த வேலைக்கு ஆகாத துணி.

ஜெர்சி வேண்டாம், இழுபடாத நெசவுத் துணி வேண்டும், லேசாக இருக்க வேண்டும், சட்டென்று கிழியக் கூடாது. காட்டன் சேலை ஒன்றை நான்கு பிள்ளைகளிடம் கொடுத்து இழுக்கச் சொல்லிப் பார்த்தேன், பழைய சேலை என்பதால் பிடித்த இடத்தில் டர்ரென்று கிழிந்தது. அப்புறம்தான் பூனம் சேலை ஞாபகம் வந்தது. கசங்காது, ஈரமானாலும் சீக்கிரம் காயும், எத்தனை வருஷம் கட்டினாலும் நூல் விடாது. என்னுடையது ஒன்று, நீலம். தேனிக்கார அக்கா ஒன்று கொடுத்தார், மஞ்சளில் பூப்போட்டது. "ஏன் கண்ணு, நல்ல சேலையை வெட்டப் போறியா"ன்னு இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். இரண்டும் சேர்ந்து 850 கிராம்.

இனி அளவு. இதுதான் இந்தப் பதிவில் முக்கியமான இடம், ஏனென்றால் இரண்டே சேலையில் மிச்சம் மீதி இல்லாமல் 12 துண்டு எடுக்க ஒரு வழி கிடைத்தது. சேலையின் அகலம் 44 அங்குலம், நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலம். முதலில் ஃபால்ஸைப் பிரித்து எடுங்கள், பிளேடில் அரை மணி நேர வேலை, அது இருந்தால் அந்த ஓரம் மட்டும் கனமாகி வட்டம் ஒரு பக்கம் இழுக்கும். பிறகு நீளத்தை மூன்றாக, 72 அங்குலம் ஒவ்வொன்றும், வெட்டிக்கொள்ள வேண்டும். 72க்கு 44 என்கிற ஒரு துண்டின் நடுவில், அடிப்பக்கம் 38 அங்குலம், நுனியில் ஒன்றரை அங்குலம் உள்ள ஒரு நீள முக்கோணத்தை வரைந்து வெட்டினால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு அரை முக்கோணம் மிஞ்சும். அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டையும் சேலைக் கரை பக்கமாக ஒட்டவைத்துத் தைத்தால், தலைகீழாக, நடுவில் ஒரு தையல் உள்ள இன்னொரு முழுத் துண்டு வந்துவிடும், ஓரத்தில் கொஞ்சம் நறுக்கினால் அளவும் சரியாகப் பொருந்தும். ஆக ஒரு சேலையில் 3 முழுத் துண்டு, 3 ஒட்டுத் துண்டு. இரண்டு சேலையில் 12. ஒட்டுத் துண்டுகளில் கரை இரண்டும் நடுவில் சேர்வதால், முடித்து விரித்தபோது நடுவிலிருந்து கதிர் மாதிரி ஆறு கோடு ஓடியது. அது நான் திட்டமிட்டது இல்லை, ஆனால் பார்க்க அவ்வளவு அழகு.

முக்கோணத்தை முதலில் செய்தித்தாளை ஒட்டி முழு அளவில் வெட்டி வைத்துக்கொண்டு, அதை வைத்தே 12 தடவையும் சாக்பீஸில் வரைய வேண்டும். நான் முதல் துண்டை வெட்டி, அதை வைத்து இரண்டாவதை வெட்டி, அதை வைத்து மூன்றாவதை வெட்டி என்று போனேன். ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் கூடினால் பன்னிரண்டாவதில் எங்கே போய் நிற்கும் என்பது கட்டிங் மாஸ்டரிடம் இருபது வருஷம் கேட்ட பாடம்தான், இருந்தும் வீட்டு வேலை என்று அசட்டையாக இருந்துவிட்டேன். கடைசித் துண்டைச் சேர்க்கும்போது அடிப்பக்கம் 3 அங்குலம் அதிகமாக நின்றது. நான்கு தையலைப் பிரித்தேன்.

இன்னொன்று, முக்கோணத்தின் சாய்வுப் பக்கங்கள் சரிவாக வெட்டுப்படுவதால் இழுத்தால் இழுபடும். அதனால் அடிப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி, 6 அங்குலத்துக்கு ஒரு குண்டூசி குத்தி, துணியை இழுக்காமல் மெஷின் தானாக எடுக்கிற வேகத்திலேயே விட்டுத் தைக்க வேண்டும். அரை அங்குலத்தில் ஒரு தையல், பிறகு பிசிறை மடக்கி மேலே இன்னொரு தையல். 14 நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல். ஒரு வரிசைத் தையலே 100 அடிக்கு மேல் வருகிறது, மடக்குத் தையலும் சேர்த்தால் 200 அடி. தீபாவளி ஆர்டர் நேரம், கம்பெனியில் ஓவர்டைம் வேறு, அதனால் ஒரு நாளைக்கு இரண்டு தையலுக்கு மேல் முடியவில்லை. பிள்ளைகள் ஜன்னலில் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

துண்டெல்லாம் சேர்ந்த பிறகு விளிம்புக்கு நாடா. பேக் தைக்கிற நைலான் நாடா, ஒரு அங்குல அகலம், காதர்பேட்டையில் ஒரு கடையில் மீட்டர் 7 ரூபாய்க்கு 15 மீட்டர் வாங்கினேன். என் வட்டத்தின் சுற்றளவு 444 அங்குலம். நாடாவைத் துணியின் மேல் வைத்து அப்படியே ஓட்டித் தைக்காதீர்கள், துணி நெளிந்து அலை அலையாகிவிடும். முதலில் நாடாவில் 37 அங்குலத்துக்கு ஒரு பேனாக் கோடு, மொத்தம் 12 கோடு, ஒவ்வொரு கோட்டிலும் ஒரு துண்டின் தையல் வந்து உட்கார வேண்டும். நடுவில் துணி கொஞ்சம் அதிகமாக இருந்தால் சின்னச் சின்னச் சுருக்கமாக உள்ளே தள்ளிவிடலாம், நாடா அளவு மாறக் கூடாது. தையலும் நாடாவும் சேரும் இடத்தில் கனம் அதிகம், 16 நம்பர் ஊசி போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் தாண்ட வேண்டும். காலால் மிதித்துத்தான் மூன்று ஊசி போனது.

நாலாவது ஊசி நடுவில் உடைந்தது. 12 நுனியும் ஒரே புள்ளியில் சேரும்படி வைத்திருந்தேன். 12 துண்டின் மடிப்பும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, கோட்டுப் பொத்தான் கனத்துக்கு ஒரு கட்டி. அதை எப்படியோ கையால் தைத்து முடித்து ஞாயிறு வெளியே கொண்டுபோய்த் தூக்கினோம். அழகாகத்தான் எழும்பியது, ஆனால் உள்ளே புகுந்த காற்று வெளியேற வழி இல்லாமல், மொத்தத் துணியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கம் நின்ற இரண்டு சின்னப் பிள்ளைகளை நாலடி இழுத்துக்கொண்டு போனது. ஒருத்திக்கு முட்டியில் சிராய்ப்பு. அன்றே மடக்கி வைத்துவிட்டேன். நிஜப் பாராசூட்டிலும் உச்சியில் துளை இருக்கும் என்று பத்தாம் வகுப்பு படிக்கிற என் அக்கா மகன் போனில் சொன்னான். எவர்சில்வர் தட்டு ஒன்றை, 10 அங்குலம், நடுவில் கவிழ்த்து வரைந்து வெட்டி எடுத்தேன், ஓரத்தை மடக்கி அதே நாடாவை உள்பக்கம் கொடுத்துத் தைத்தேன். அந்தக் கட்டியும் அதோடு போய்விட்டது, காற்றும் நேராக மேலே போகிறது, துணி அதே இடத்தில் இறங்குகிறது. நீங்கள் செய்தால் நுனியைக் கூராக வெட்டவே வேண்டாம், மூன்றரை அங்குலத்தில் மட்டமாக நிறுத்திவிடுங்கள்.

கைப்பிடியிலும் ஒரு தப்பு நடந்தது. 10 அங்குல நாடாவை மடித்து வளையமாகத் தைத்திருந்தேன், பஸ்ஸில் தொங்குமே அந்த மாதிரி. பிள்ளைகள் வளையத்துக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுக்கொண்டார்கள். பெரியவன் வெடுக்கென்று இழுத்தபோது எதிரில் நின்ற பையனின் கை முறுக்கிக்கொண்டது. வளையம் ஆபத்து, தைக்கவே தைக்காதீர்கள். எல்லாவற்றையும் பிரித்து, முதல் பாராசூட்டின் ஜெர்சித் துணியை விரல் கனத்துக்குச் சுருட்டி, நாடாவை அதன் மேல் மடித்து, 5 அங்குல உருளையாக விளிம்போடு ஒட்டித் தைத்தேன். கைக்கு மெத்தென்று இருக்கிறது, வேண்டாம் என்றால் சட்டென்று விடலாம். வீணாய்ப் போன துணிக்கும் ஒரு வேலை கிடைத்தது. உருளைக்கு மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று பனியன் துணியைச் சுற்றி, நிறத்துக்கு மூன்றாக 12 கைப்பிடி. இந்த நிறம் பிறகு ரொம்ப உதவியது.

தையல் இங்கே முடிந்தது. ஆட வைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

முதல் ஞாயிறு நான் நடுவில் நின்றுகொண்டு "தூக்கு, இறக்கு, நீ இறக்கு, நீ தூக்கு" என்று கத்திக்கொண்டே இருந்தேன். தூக்கி இறக்குவது நன்றாக வந்தது. பந்தைப் போட்டதும் எல்லாம் போச்சு. பந்து ஓரமாகச் சுற்ற வேண்டும் என்றால், தன்னிடம் வரும்போது தாழ்த்திக் கொடுத்து, தாண்டியதும் தூக்க வேண்டும், அடுத்தவர் அதே சமயம் தாழ்த்த வேண்டும். பிள்ளைகள் பந்தையும் பார்க்கவில்லை, பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லி அவர்கள் செய்வதற்குள் பந்து போய்விடுகிறது. அரைச் சுற்றுகூட வரவில்லை.

இரண்டாவது ஞாயிறு, சுறுசுறுப்பு வரட்டும் என்று தமிழ்ப் பிள்ளைகள் ஒரு அணி, மற்றவர்கள் ஒரு அணி, யார் அதிக நேரம் பந்தை வைத்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று சொன்னேன். இதை நான் ஏன் செய்தேன் என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆட்கள் குறைவானதால் துணி தொங்கியது, இந்திப் பிள்ளைகள் ஆறு பேர்தான், அவர்களுக்குப் பந்து உடனே விழுந்தது, இவர்கள் ஓவென்று கத்தினார்கள். எதை ஒட்ட வைக்கத் தைத்தேனோ அதை வைத்தே நான் பிரித்துவிட்டேன். அதோடு அணி, பாயிண்ட் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு ஒன்பதாம் வகுப்புப் பையன் வந்து, "அக்கா, நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்க, நாங்களே பண்ணிப் பாக்குறோம்ங்க" என்றான். சரி என்று படியில் போய் உட்கார்ந்தேன். இப்போது அவன் கத்த ஆரம்பித்தான், தேனி வீட்டுப் பெண் அவனுக்கு மேலே கத்தினாள், பந்து பறந்து ஓட்டு மேல் போய் விழுந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது, பந்து கீழே வருவதற்குள் அவர்களே "நீ ஏன்டா முன்னாடியே தூக்குன" என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு ஒழுங்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று தோன்றியது. வீட்டுக்குள் போய் ஒரு காலி நூல் கோனை எடுத்து வந்தேன். பந்து விழுந்தால் துணியைத் தரையில் வைத்துவிட்டு அவரவர் இடத்திலேயே உட்கார வேண்டும், கோன் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், அடுத்த முறை என்ன மாற்றலாம் என்பதை மட்டும் சொல்லலாம், யார் தப்பு என்று சொல்லக் கூடாது, கோன் ஒரு சுற்று வந்ததும் எழுந்து ஆட வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. எங்களுக்கு அதிகம் பலன் கொடுத்தது, செலவே இல்லாத இந்தக் கோன்தான். எட்டுப் பேர் சொல்ல எதுவும் இல்லாமல் கடத்திவிடுவார்கள், அதுவும் சரிதான்.

அந்தப் பேச்சில் வந்தவைதான் பிறகு செய்த எல்லாமே. பெரிய பிள்ளைகள் நான்கு பேரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள், அதனால்தான் அந்தப் பக்கம் உயரம் என்று ஏழு வயசுப் பையன் ஒருத்தன் சொன்னான், எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அதிலிருந்து ஒரு பெரியவர், இரண்டு சின்னவர்கள் என்று மாற்றி மாற்றி நிற்கிறார்கள், பெரியவர்கள் இடுப்புக்கு மேல் தூக்குவதில்லை. 14 பேரில் 12 பேர் பிடிக்க, ஒருத்தர் பந்து போட, ஒருத்தர் வெளியே நின்று குரல் கொடுக்க, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை இடம் மாற என்று தேனி வீட்டுப் பெண் ஏற்பாடு செய்தாள். உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர் யாரும் இல்லை.

குரல் கொடுக்கிற முறை பீகார் பாப்பாவுக்கு வந்தபோது எல்லோரும் ஒரு நிமிஷம் தயங்கினார்கள். அவளும் தயங்கினாள். அப்புறம் கைப்பிடியில் சுற்றியிருந்த துணியைக் காட்டி "லால் ஊபர்" என்றாள். சிவப்பு, மேலே. புரியாமல் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பீகார் வீட்டு இன்னொரு பையன் சிவப்பில் நின்றான், அவன் தூக்கினான், அவனைப் பார்த்து மற்ற இரண்டு சிவப்பும் தூக்கினார்கள். "பீலா நீச்சே" என்றாள், மஞ்சள் இறங்கியது. பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் எட்டு வார்த்தை தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு எங்கள் பிள்ளைகளே, "லால் மேலே, பச்சை நீச்சே" என்று இரண்டையும் கலந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு பார்த்த பாட்டி ஒருத்தர், "இதென்னங்க பாஷை?" என்று என்னிடம் கேட்டார்.

பெரிய பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனுக்குப் பொறுமை வரவில்லை, தன் பலத்தில் பந்தை நிறுத்திவிடலாம் என்று நினைத்தான். நான் திட்டவில்லை. ஒரு முறை எல்லோரும் பேசாமல் ஆடுவோம் என்று சொன்னேன், குரலே கிடையாது, கண் மட்டும்தான். அன்றைக்கு அவன் முதன்முதலாக வலது பக்கம் நின்ற ஆறு வயசுப் பையனின் கையைப் பார்த்து ஆடினான். பந்து இரண்டு சுற்று முழுசாக வந்தது, அதுதான் முதல் தடவை. நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறேன்: நான்காவது ஞாயிறு 2 சுற்று, ஐந்தாவது 2, ஆறாவது மழை, ஏழாவது 4, போன வாரம் 7.

அவர்களாகக் கண்டுபிடித்த ஆட்டங்களும் உண்டு. துணி மேலே எழும்பி நிற்கிற அந்த மூன்று நொடியில், ஒரே நிறத்துக்காரர்கள் அடியில் ஓடி இடம் மாறிக்கொள்வது. ஒரே சமயத்தில் மூன்று பேர் ஓடுவதால் முட்டிக்கொள்ளாமல் இருக்க முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள். நடுத்துளையில் வெள்ளைப் பந்தை மட்டும் இறக்கி மஞ்சள் பந்தை மேலேயே வைத்திருப்பது இன்னொன்று, அது இன்னும் ஒரு தடவைகூட முழுசாக வரவில்லை, வந்தால் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

செலவுக் கணக்கு: சேலைகள் பழையவை, காசு இல்லை. நாடா 105, நூல் இரண்டு கோன் 60, ஊசிகள் 40, பிளாஸ்டிக் பந்து மூன்று 45. மொத்தம் 250 ரூபாய், முறிந்த நாற்காலி தனி. நேரம் கிட்டத்தட்ட 30 மணி, அதில் பிரித்துத் தைத்தது மட்டும் 9 மணி இருக்கும். நாடாவும் கைப்பிடியும் சேர்ந்த பிறகு எடை 1 கிலோ 150 கிராம்.

அடுத்த முறை செய்தால் விளிம்பு நாடாவை ஒன்றரை அங்குலமாகப் போடுவேன், கைப்பிடி பக்கத்தில் துணி ஏற்கெனவே லேசாக விலக ஆரம்பித்திருக்கிறது, நான்கு இடத்தில் உள்பக்கம் ஒட்டுப் போட்டிருக்கிறேன். வெயில் நேரத்தில் ஆடினால் மஞ்சள் பக்கம் கண் கூசுகிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், அடர்ந்த நிறமாக இரண்டு சேலை எடுப்பது நல்லது. காற்று பலமாக அடிக்கிற நாளில் எடுக்கவே கூடாது.

ஏழெட்டுப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள் என்றால் ஒரே சேலை போதும். 216 அங்குலத்தில் 48 அங்குலமாக நான்கு துண்டு, அதே மாதிரி நடுவில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றும் எடுத்தால் 8 முக்கோணம், அடிப்பக்கம் அதே 38 தான், கிட்டத்தட்ட 8 அடி வட்டம் வந்துவிடும். முந்தானைப் பக்கம் 24 அங்குலம் மிஞ்சும், அதில் வைத்து எடுத்துப் போக ஒரு பை தைக்கலாம்.

அந்தச் சின்னது ஒன்று இப்போது மெஷினில் இருக்கிறது. பீகார் குடும்பம் தீபாவளி முடிந்து சத் பூஜைக்கு ஊருக்குப் போகிறார்கள், வர ஒரு மாதம் ஆகும். அங்கே தன் சித்தப்பா பிள்ளைகள் ஆறு பேர் இருப்பதாகப் பாப்பா சொன்னாள், தமிழில்தான் சொன்னாள். வட்டம் முடிந்துவிட்டது, பையும் தைத்தாயிற்று, கைப்பிடி எட்டில் ஐந்து தைத்திருக்கிறேன். ரயில் புதன்கிழமை.